ஜவுளிக்கடை முதலாளிமார் சமூகத்துக்கு

தமிழ்நாட்டின் நகரங்களில் ஜவுளியும் நகையும் பாத்திரமும் மாடி மாடியாக அடுக்கி விற்கும் பெருங்கடைகளின் உரிமையாளர்களாகிய பெரியோர்களுக்கு,

தென்மாவட்டத்துக் கிராமப் பள்ளியொன்றில் 32 ஆண்டுகள் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வியாபாரத்தின் நுணுக்கங்கள் எனக்குத் தெரியா. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் துணி எடுக்க வருகிறவன் என்ற அளவில்தான் தங்களோடு எனக்குச் சம்பந்தம். ஆயினும் வேறொரு வகையிலும் நாம் உறவுடையவர்களே. என் வகுப்பில் எட்டாவதோ பத்தாவதோ படித்து, வானம் பார்த்த பூமி பொய்த்ததாலோ, தகப்பனார் குடித்ததாலோ, அக்காளின் கல்யாணக் கடன் அழுத்தியதாலோ, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பட்டணத்துக்குப் பஸ் ஏறிய பிள்ளைகள் பலர் இன்று தங்களைப் போன்றோர் கடைகளில் நிற்கிறார்கள். 'நிற்கிறார்கள்' என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். ஊர்த் திருவிழாவுக்கு வரும்போது, "எங்கேயம்மா வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டால், அவர்களும் "ஜவுளிக்கடையில நிக்கிறேன் சார்" என்றுதான் சொல்லுகிறார்கள். வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்ததும் எழுந்து நிற்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கிவைத்தவன் நான். ஆனால் நான் கையமர்த்தியதும் அவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். தங்கள் கடைகளில் அவ்விதம் கையமர்த்துவார் ஒருவரும் இல்லையே என்ற மனக்குறைதான் இம்மடலை எழுதச் செய்தது.

சென்ற ஐப்பசியில் பேத்திக்குப் பட்டுப்பாவாடை எடுப்பதற்காக, பெயர் வேண்டாம், ஒரு பெரிய கடையின் மூன்றாவது மாடிக்குப் போயிருந்தோம். நான் வயோதிகன் என்பதால் எனக்கு மெத்தை தைத்த நாற்காலி ஒன்று கிடைத்தது. என் மனைவியோ எதையும் இரண்டாவது முறை பாராமல் வாங்கும் சுபாவம் உள்ளவள் அல்லள்; ஆகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே இருந்தோம். எங்களுக்குப் பாவாடைகளை விரித்துக்காட்டிய பெண், சற்றே தயங்கி, "சார், என்னைத் தெரியலையா?" என்றாள். ஆறு வருஷங்களுக்கு முன் என் வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்தவள். நலம் விசாரித்துவிட்டு, மனைவி மறுபடியும் முதல் பாவாடைக்கே திரும்பியிருந்த சமயத்தில், "கொஞ்சம் உட்காரேனம்மா" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. உத்தரத்தில் மாட்டியிருந்த கேமிராவைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் வெற்று அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அதைக் கைகாட்டினேன். "அது லேபர் ஆபீசர் வந்தா எடுத்துப் போடுறது சார்" என்றாள். அப்படிச் சொன்னபோது அவள் குரலில் புகாரும் இல்லை, கேலியும் இல்லை. குழாயில் தண்ணீர் ஆறு மணிக்கு வரும் என்று சொல்வதைப் போல ஒரு தகவலாகச் சொன்னாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அந்த ஸ்டூல் அங்கே வந்து சேர்ந்த வரலாறு தாங்கள் அறியாததன்று. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற ஒரு பிரிவைச் சேர்க்கும் மசோதா, 2021 செப்டம்பரில் நம் சட்டப்பேரவையில் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. வேலை நேரத்தினூடே உட்காருவதற்கு வாய்க்கும் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக்கொள்ளவும், நாள் முழுவதும் காலிலேயே நிற்கும் நிலை நேராதிருக்கவும், எல்லா ஊழியர்களுக்கும் தக்க இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்பது அதன் சாரம். இதில் எனக்கு வியப்பளிப்பது சட்டம் வந்ததன்று. அது வர எடுத்துக்கொண்ட காலமே. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்களுக்கு இதே உரிமையை, ஏறத்தாழ இதே சொற்களில், அப்போதே வழங்கியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கும் இயந்திர இரைச்சலும் நிறைந்த ஆலையில் நிற்பவனுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷமே கிடைத்த ஒரு முக்காலி, குளிர்சாதனமும் கண்ணாடி விளக்குகளும் பளபளக்கும் துணிக்கடைக்குள் நிற்பவளுக்குக் கிடைக்க இன்னும் 73 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஏன் இந்தத் தாமதம் என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். கடை என்றால் உட்காரும் இடந்தானே என்று அன்றைய சட்டம் செய்தோர் எண்ணியிருக்கலாம் என்பது என் ஊகம். அது வெறும் ஊகமாகவே இருக்கட்டும். ஆனால் கடை உட்காரும் இடமாக இருந்தது என்பது ஊகமன்று. என் பால்யத்தில் எங்கள் பக்கத்து நகரத்தின் ஜவுளிக்கடைகளில், தெருவிலிருந்து இரண்டு படி ஏறினால், சுவரோடு சுவராக மெத்தை விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, முதலாளி ஒரு மூலையில் திண்டில் சாய்ந்து கல்லாப்பெட்டியோடு அமர்ந்திருப்பார். கணக்குப்பிள்ளை சாய்வுமேசையை மடியருகே இழுத்து வைத்துக்கொண்டு எழுதுவார். துணி எடுத்துப் போடுகிறவர்களும் சம்மணமிட்டே அமர்ந்து, வந்தவர்களையும் எதிரே அமரச்செய்து, ஊர் சமாசாரம், மழை, பெண்ணுக்கு எத்தனை வயது என்று பேச்சுக் கொடுத்தபடியே புடவைகளை அலையலையாக உதறி விரிப்பார்கள். கஜக்கோலை எடுக்க எழுந்தால் உண்டு. மற்றபடி அவர்களும் இருந்தார்கள், நாங்களும் இருந்தோம். காஞ்சிபுரத்தில் பட்டு விற்கும் பழைய கடைகள் சிலவற்றில் இன்றைக்கும் இந்த முறையைக் காணலாம். பாயில் அமர்ந்தவர் பாயில் அமர்ந்தவருக்கே பல்லாயிரம் ரூபாய்ப் புடவையை விற்கிறார். அங்கே புடவை வாங்கிய எவரும், விற்றவர் உட்கார்ந்திருந்ததால் தமக்கு அவமரியாதை நேர்ந்துவிட்டதாக வழக்குத் தொடுத்ததில்லை.

பிறகு கண்ணாடி அலமாரி வந்தது, இடுப்பளவு உயரத்தில் கவுண்ட்டர் வந்தது, மெத்தை போயிற்று. கவுண்ட்டருக்கு அப்பால் நிற்பவர், நின்றுகொண்டே இருந்தால்தான் வாங்க வருபவருக்கு மரியாதை என்ற கொள்கையும் கூடவே வந்தது. இது நம் பாட்டன் பூட்டன் காலத்துச் சம்பிரதாயம் என்று யாரேனும் சொல்லுவார்களானால், அவர்கள் தம் பாட்டனாரின் கடையைப் பார்த்ததில்லை என்றுதான் பொருள். இது சீமைக் கடையின் வழக்கம். அந்தச் சீமையிலேயே அதன் கதி என்னவாயிற்று என்பதைத் தங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். பள்ளி ஆசிரியன் பழக்கம், பொறுத்தருள வேண்டும்.

விக்டோரியா மகாராணியாரின் காலத்து இங்கிலாந்தில், துணிக்கடைச் சிப்பந்திகள் பெரும்பாலோர் கடைக்கு மேலேயோ பக்கத்திலேயோ முதலாளி அமைத்த விடுதிகளில் தங்கி, அவர் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு, அவர் விதித்த நேரத்தில் விளக்கணைத்துப் படுத்து, சிறு சிறு குற்றங்களுக்கெல்லாம் அபராதம் கட்டி, விடிந்தால் இருட்டும்வரை நின்று வேலை செய்தார்கள். ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் சிறுவயதில் சவுத்ஸீ என்னும் கடற்கரைப் பட்டணத்துத் துணிக்கடையொன்றில் அப்படிப் பயிற்சிச் சிப்பந்தியாக இருந்து, தாங்கமாட்டாமல் வெளியேறியவர். அந்தக் கசப்பை 'கிப்ஸ்' என்ற நாவலாகப் பின்னாளில் எழுதினார். அவரினும் முக்கியமானவர் மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் என்னும் பெண்மணி. பதினான்கு வயதில் துணிக்கடை வேலைக்குப் போன அவர், சிப்பந்திகள் சங்கத்தில் சேர்ந்து, கடைகளின் உள்நிலைமையை நேரில் இருந்து ஆராய்ந்து, புனைபெயரில் எழுதி வெளியிட்டார். 1899இல் அங்கே ஒரு சட்டம் பிறந்தது: மூன்று பெண் சிப்பந்திகளுக்கு ஒரு இருக்கையேனும் கடையில் இருக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. மூவருக்கு ஒன்று! கஞ்சத்தனமான சட்டந்தான், ஆயினும் அது 1899. அந்தப் பாண்ட்ஃபீல்ட் அம்மையாரோ 1929இல் பிரிட்டிஷ் மந்திரிசபையில் இடம்பெற்ற முதல் பெண்மணி ஆனார். அவருக்குக் கிடைத்த இலாகா, தொழிலாளர் இலாகா. சீமைக் கடைகளிலிருந்து கவுண்ட்டரை வாங்கிக்கொண்ட நாம், அந்தச் சட்டத்தை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டோம்.

அவ்வளவு தூரம் போவானேன்? அடுத்த வீடான கேரளத்தைப் பார்ப்போம். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்கள், தையற்காரியான பி. விஜி என்பவரின் முயற்சியால் ஒன்றுகூடினார்கள். அவர்களுடைய முதல் கோரிக்கை இருக்கைகூட அன்று, கழிப்பறை. பல கடைகளில் பெண்களுக்கு அது இல்லை. பக்கத்து ஹோட்டலுக்கு ஓட வேண்டும், அதற்கும் முதலாளியின் அனுமதி வேண்டும். ஆகவே காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவது என்று பழகி, நீர்க்கடுப்பிலும் சிறுநீரக நோயிலும் விழுந்தார்கள். கழிப்பறைக்குப் பின் இருக்கை. திருச்சூரில் ஒரு சேலைக்கடையின் பெண் ஊழியர்கள் சிலர் கடைவாசலில் மாதக்கணக்கில் மறியல் இருந்தார்கள். உட்காரும் உரிமைக்காகத் தெருவில் உட்கார்ந்த அந்தப் போராட்டத்தின் பயனாக 2018இல் அந்த மாநிலம் தன் சட்டத்தைத் திருத்தியது. மூன்றாண்டு கழித்து நாம் திருத்தினோம். அங்கே தெருவில் இறங்கிக் கேட்டு வாங்கினார்கள். இங்கே அரசு தானாக முன்வந்து கொடுத்தது என்று பெருமைப்பட இடமுண்டுதான். ஆனால் கேட்டு வாங்கியவர்கள் அதைக் காத்துக்கொள்ளவும் அறிவார்கள். கேளாமல் கிடைத்தது அட்டைப்பெட்டிக்கு அடியில் போய்விடுகிறது.

நம் பிள்ளைகள் ஏன் கேட்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஊரிலிருந்து, ஒரே ஏஜெண்டின் மூலம் அழைத்துவரப்பட்டவள், முதலாளி கொடுக்கும் விடுதியில் முதலாளி கொடுக்கும் சோற்றை உண்கிறவள், கோபித்துக்கொண்டு வேலையை விட்டால் அன்றிரவு படுக்க இடமில்லாதவள், எந்த வாயால் ஸ்டூல் கேட்பாள்? சம்பளத்தில் பாதிக்கு மேல் மாதம் பிறந்ததும் ஊருக்குப் போய்விடுகிறது. அவள் திரும்பி வந்துவிட்டால் என்ன காரணம் என்று ஊர் கேட்கும். அதற்கு அவள் சொல்லும் பதிலை நம்பாமல் வேறொரு காரணத்தை ஊரே கற்பித்துக்கொள்ளும். 2010இல் வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' திரைப்படம் இந்த வாழ்க்கையை நாடறியக் காட்டிற்று. நானும் பார்த்தேன், என் பக்கத்து ஆசனக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த தீபாவளிக்கு அவரும் நானும் அதே மாதிரியான கடைக்குத்தான் போயிருப்போம்.

நிற்பதில் என்ன பெரிய கஷ்டம், நாங்களும் நின்றவர்கள்தாமே என்று தங்களில் சிலர் நினைக்கக் கூடும். தங்களில் பலர் பையனாகக் கடைக்கு வந்து, மூட்டை சுமந்து, கடை கூட்டி, படிப்படியாக உயர்ந்து முதலாளியானவர்கள் என்பதை நான் அறிவேன்; அதற்காகத் தங்களை மனமார மதிக்கிறேன். ஆனால் தாங்கள் பையனாக இருந்த கடையில் ஓட்டமும் நடையும் இருந்தது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, கீழிறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் ஓரிடத்தில் நிற்கும்போது அந்த வேலை நடப்பதில்லை. இரத்தம் காலிலேயே தேங்குகிறது. மாலையில் கணுக்கால் வீங்குகிறது. வருஷங்கள் செல்லச் செல்ல, நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைக்கிறது. மாதவிலக்கு நாட்களிலும், கல்யாணமாகிக் கர்ப்பமாக இருக்கும் காலத்திலும் இந்தச் சிரமம் எவ்வளவு பெருகும் என்பதைத் தங்கள் வீட்டுப் பெண்மணிகளைக் கேட்டால் சொல்லுவார்கள். 1947ஆம் வருஷத்துச் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும், நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு என்றும் வரம்பு கட்டியிருக்கிறது. ஆடித் தள்ளுபடியின்போதும் தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் அந்த வரம்பு தங்கள் கடைகளில் எவ்விதம் இருக்கிறது என்பதைத் தங்கள் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

இன்னொரு சமாதானமும் என் காதில் விழுந்திருக்கிறது. "எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, வாங்க வருகிறவர்கள்தாம், உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்தால் சோம்பேறிக் கடை என்று அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்" என்பது அது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்களையும், "இங்கே யாருமே இல்லையா?" என்று பத்துப் பேர் நிற்கும் மாடியில் நின்று உரக்கக் கேட்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் சிலர் எனக்கு நெருங்கிய உறவினர்கள். ஆனால் இதே மனிதர்கள் வங்கியில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவிடம் தம் சொந்தப் பணத்தை எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் குனிந்து, துவாரத்தின் வழியே டிக்கெட் கேட்கிறார்கள். அங்கெல்லாம் அவர்களுடைய கௌரவத்துக்குப் பங்கம் வருவதில்லை. ஆகவே மரியாதை என்பது காலில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. பழக்கத்தை உண்டாக்குவதில் தங்களை விஞ்சியவர் யார்? ஆடி மாதத்தில் சுபகாரியம் செய்யாத தமிழனை, அதே ஆடியில் வெள்ளிக்கிழமை தவறாமல் துணிக்கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் தாங்கள். அட்சய திருதியைக்குத் தங்கம் வாங்காவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று நாட்டையே நம்பவைத்தவர்கள் தங்கள் சகாக்களான நகை வியாபாரிகள். இவ்வளவையும் செய்ய முடிந்தவர்களுக்கு, உட்கார்ந்திருக்கும் பெண் எழுந்துவந்து துணி காட்டுவாள் என்பதை வாடிக்கையாளருக்குப் பழக்கிவிடுவது பெரிய காரியமா?

பணச் செலவைப் பற்றி நான் பேசப்போவதில்லை. கடைவாசலில் கட்டும் தோரணத்துக்கும் நடிகையை வைத்து எடுக்கும் விளம்பரத்துக்கும் ஆகும் தொகையில், இந்த மாநிலத்துக் கடைச் சிப்பந்திகள் எத்தனை பேருக்கு முக்காலி வாங்கலாம் என்ற கணக்கை என்னைக் காட்டிலும் வேகமாகப் போடக்கூடியவர்கள் தாங்கள். முக்காலி ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் என் கண்ணால் கண்டேன். வேண்டுவது வேறு. உட்கார்ந்தால் அபராதம் இல்லை என்பதை அவள் நம்ப வேண்டும். அதை நம்பும்படி சொல்லக்கூடியவர் இவ்வுலகில் ஒருவர்தான், அவர் தாங்கள். மாடி சூப்பர்வைசர் சொன்னால் அவள் நம்பமாட்டாள். தொழிலாளர் துறை அதிகாரி சொன்னால் அவர் போனபிறகு என்ன ஆகும் என்று யோசிப்பாள். தாங்கள் ஒரு நாள் காலையில், கடை திறக்குமுன், சாம்பிராணி போடும் நேரத்தில் எல்லாரையும் கூட்டி, சூப்பர்வைசர்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வாடிக்கையாளர் இல்லாத வேளையில் எவரும் உட்காரலாம், இதற்காக ஒரு ரூபாய்கூடப் பிடித்தம் ஆகாது என்று தங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, ஒரு பெண்ணையேனும் தங்கள் கண்ணெதிரே உட்காரச் சொல்ல வேண்டும். முதல் தடவை அவள் பாதி ஆசனத்தில்தான் உட்காருவாள், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அதன்பின், தங்கள் அறையிலிருக்கும் கேமிராத் திரையில் மாடி மாடியாகப் பார்க்கும்போது, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடும் கண்ணை மாற்றி, காலையிலிருந்து யார் உட்காரவே இல்லை என்று தேடுங்கள்.

வருகிற ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு வந்து இறங்கத் தொடங்கியிருக்கும். அட்டைப்பெட்டிகளை வைக்கத் தங்களுக்குக் கோடவுன் இருக்கிறது. அந்த ஸ்டூலின் மேலிருப்பவற்றை அங்கே கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசியில் என் மனைவி மறுபடியும் துணி எடுக்க வருவாள். வழக்கம்போல நேரம் ஆகும். என் மாணவியைத் தேடிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு வருவேன்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளன்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன்